பில் தராத கடை

பெங்களூர் மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி.யில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கும் என் அக்கா மகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மின்னஞ்சலை எனக்கு ஃபார்வர்ட் செய்திருந்தாள். கூடவே ஒரே ஒரு வரி: "மாமா, இது நிஜமா, டுபாக்கூரா? பாத்துச் சொல்லுங்க."

கடிதம் பார்க்க லட்சணமாகவே இருந்தது. மேலே ஒரு நிறுவனத்தின் சின்னம். பெங்களூரில் உள்ள துணிக்கடை, காபிக்கடை, மால் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று இடங்களுக்கு வாடிக்கையாளர்போலப் போய்வர வேண்டும். எப்படிக் கவனித்தார்கள் என்று அறிக்கை எழுத வேண்டும். ஒரு கடைக்கு 2,500 ரூபாய். வாங்கும் பொருளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். முன்அனுபவம் வேண்டாம், இன்டர்வியூ கிடையாது. கடைசியில் ஒரு குறிப்பு: நீங்கள் யார் என்று கடை ஊழியர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது, ஆகவே இந்த நியமனத்தைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். இணைப்பில் இரண்டு பக்கப் படிவம்.

'டுபாக்கூர்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. லாட்டரியில் கோடி விழுந்தது என்று வரும் கடிதத்தில் எல்லாமே பொய், தூக்கிப் போட்டுவிடலாம். இது வேறு ரகம். இதில் சொல்லப்படும் வேலை உலகத்தில் உண்மையாகவே இருக்கிறது, பெங்களூரிலும் இருக்கிறது. நிஜமான ஒரு வேலையின் சட்டையைப் போட்டுக்கொண்டு பொய் வந்து நிற்கும்போது, சட்டையை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. முதலில் நிஜ வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலு பன்னிரண்டுக்கு உள்ளே நுழைந்தேன்

இந்த வேலைக்கு மிஸ்டரி ஷாப்பிங் என்று பெயர். பெயர்தான் நமக்குப் புதிது. அரசர்கள் மாறுவேடத்தில் நகர்வலம் போன கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். திருக்குறளில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அமெரிக்காவில் 1940களில் வில்மார்க் என்ற நிறுவனம் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வாங்கிய காசை ஒழுங்காகப் பதிகிறாரா என்று வேவு பார்ப்பதுதான் அன்றைய வேலை. பிறகு நேர்மையோடு உபசரிப்பும் சேர்ந்துகொண்டது.

நூறு கிளை வைத்திருக்கும் ஒரு காபிக்கடை முதலாளிக்கு, ஜெயநகர் கிளையில் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. மேலாளரை அனுப்பினால், அவர் வரும் செய்தி அவருக்கு முன்னாலேயே போய்விடும், தரை பளபளக்கும். ஆகவே யாருக்கும் முகம் தெரியாத ஒருவரை அனுப்புகிறார்கள். அவர் எழுதும் அறிக்கை கதைபோல இருக்காது. உள்ளே நுழைந்தது 4.12. முதல் வரவேற்பு 4.14. ஆர்டர் எடுத்தவர் சட்டையில் பெயர்ப்பட்டை இருந்ததா, இருந்தால் என்ன பெயர். காபி மேஜைக்கு வந்தது 4.23. கை கழுவும் இடத்தில் சோப்பு இருந்ததா. கேட்காமலே பில் கொடுத்தார்களா. பெட்ரோல் பங்க் என்றால் கேள்வி வேறு: போடுவதற்கு முன் மீட்டரில் பூஜ்யத்தைப் பார்க்கச் சொன்னாரா? காற்று அடிக்கத் தனியாகக் காசு கேட்டார்களா? இப்படி வரிசையாகப் பல கேள்விகள். அன்றைக்கோ மறுநாளோ பதில் எழுதி, பில்லைப் படமெடுத்து ஏற்ற வேண்டும்.

வங்கிகளையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் மோனிகா ஹலானும் ரேணுகா சானேயும் டெல்லி வங்கிக் கிளைகளுக்குச் சாதாரண வாடிக்கையாளர்போல ஆட்களை அனுப்பி, முதலீட்டு யோசனை கேட்கவைத்து, ஊழியர்கள் எதைச் சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள். ஆக, இது மரியாதையான வேலைதான். ஆனால் பெரிய வருமானம் தரும் வேலை இல்லை. குடித்த காபிக்கான காசும், மேலே சில நூறு ரூபாயும் கிடைக்கும். அதுவும் அறிக்கை சரிபார்க்கப்பட்டு, சில வாரம் கழித்துத்தான் கைக்கு வரும்.

இப்போது இந்த நிஜ வேலையின் நான்கு அடையாளங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். வேலை கொடுப்பவரின் முகத்தை நீங்கள் பார்ப்பதே இல்லை, எல்லாம் மின்னஞ்சலில். முன்அனுபவம் கேட்பதில்லை. ரகசியம் காக்கச் சொல்கிறார்கள். முதலில் உங்கள் கையிலிருந்து காசு போட வேண்டும், பிறகுதான் திரும்ப வரும். 'இப்படியெல்லாம் இருந்தால் உஷார்' என்று வங்கிகளும் காவல்துறையும் சொல்லும் நான்கு அறிகுறிகளும் இவைதாம்! நிஜ வேலையே மோசடிபோல இருப்பதால், மோசடி நிஜ வேலைபோல இருக்கச் சிரமப்படவே வேண்டியதில்லை. ஏமாற்றுபவர்கள் இந்த வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுதான் காரணம்.

'முன்பணம் கேட்டால் பொய்' என்ற பொது விதி இங்கே பாதிதான் உதவும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பணத்தை யாரிடம் கொடுக்கிறோம்? நிஜ வேலையில் கடைக் கல்லாவில் கொடுக்கிறோம். கையில் காபி வருகிறது, பில் வருகிறது. வேலை கொடுத்தவருக்கு ஒரு பைசாகூடப் போவதில்லை. மோசடியில் வேலை கொடுத்தவருக்கே, அல்லது அவர் கைகாட்டும் ஒரு கணக்குக்கே, பணம் போகிறது. பில் வருவதில்லை. பெயர் எத்தனை மாறினாலும், பதிவுத்தொகை, பயிற்சிக் கட்டணம், கிட் டெபாசிட், ஜி.எஸ்.டி., வாலெட் ரீசார்ஜ் என்று எதைச் சொன்னாலும், இந்தத் திசை மட்டும் மாறாது.

காசோலையில் தொடங்கியது

இந்த ஏமாற்று அமெரிக்காவில் பழகிய விதத்தைப் பார்த்தால், இங்கே வந்தபோது எப்படி உருமாறியது என்று புரியும். அங்கே, வேலைக்கு ஒப்புக்கொண்டவருக்குத் தபாலில் ஒரு காசோலை வரும். இரண்டாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் போடுங்கள், முந்நூறை உங்கள் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு இன்ன கடையில் கிஃப்ட் கார்டு வாங்கி அந்தக் கடையின் சேவையை மதிப்பிடுங்கள், கார்டைச் சுரண்டி எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கடிதம் சொல்லும். சில கடிதங்களில் கிஃப்ட் கார்டுக்குப் பதிலாக, பணம் அனுப்பும் சேவையை மதிப்பிடச் சொல்வார்கள். அந்நாட்டுச் சட்டப்படி வங்கி ஓரிரு நாளில் பணத்தை எடுக்க அனுமதித்தாக வேண்டும். காசோலை போலி என்று தெரியவோ வாரக்கணக்கில் ஆகலாம். தெரியும்போது வங்கி கேட்பது காசோலையைப் போட்டவரிடம். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பல ஆண்டுகளாக இதைப் பற்றி எச்சரித்துவருகிறது.

அங்கே ஏமாற்றுக்காரருக்குக் கைகொடுத்தது காசோலையின் மந்தம். இந்தியாவில் இருபது வயதுக்காரர்கள் பலர் வாழ்நாளில் ஒரு காசோலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே கைகொடுப்பது யு.பி.ஐ.யின் வேகம். நம்பிக்கை ஏற்படுத்த 150 ரூபாயை நொடியில் அனுப்ப முடிகிறது. நம்பிக்கை வந்தபின் ஐம்பதாயிரத்தை அதே நொடியில் உருவவும் முடிகிறது.

இரண்டுக்கும் நடுவே நம் நாட்டுக்கே உரிய ஒரு முன்னோடி உண்டு. சிங்கப்பூரில் பதிவான ஸ்பீக் ஏஷியா. 2010, 2011இல் இந்தியா முழுக்க லட்சக்கணக்கானோர் தலைக்கு 11,000 ரூபாய் கட்டி அதில் சேர்ந்தார்கள். இணையத்தில் வாரம் இரண்டு கருத்துக்கணிப்புப் படிவம் நிரப்பினால் ஆயிரம் ரூபாய் என்பது வாக்குறுதி. எந்தெந்த நிறுவனங்களுக்காக இந்தக் கணிப்பு நடப்பதாகச் சொல்லப்பட்டதோ, அவற்றில் சில 2011இல் எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மறுத்தன. மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அன்றைக்கே ஒருவர் கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்வி: கருத்துச் சொல்ல எனக்குக் காசு தருகிறவர், எதற்காக என்னிடமே முதலில் 11,000 வாங்குகிறார்?

866 ரூபாய் லாபம்

இன்றைய வடிவத்துக்கு 'டாஸ்க்' என்று பெயர். கடைக்கு நேரில் போகும் சிரமம்கூட இல்லை. வரைபடத்தில் ஓர் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், காசு வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் தொடங்கும் பேச்சு வாட்ஸ்அப்புக்கு நகரும். அங்கிருந்து டெலிகிராம் குழுவுக்குப் போகும். குழுவில் நூறு பேர் 'எனக்கு வந்துவிட்டது' என்று படம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நூறில் பெரும்பாலானவர்கள் மோசடிக்காரர்களின் ஆட்களே.

கணக்கை ஓர் உதாரணத்தோடு போட்டுப் பார்ப்போம். முதல் நாள் மூன்று மதிப்பீடு, தலா 150: கையில் 450. அடுத்து 'பிரீபெய்டு டாஸ்க்': ஆயிரம் கட்டினால் 1,300 திரும்பி வருகிறது. ஐயாயிரம் கட்டினால் 6,500 வருகிறது. இதுவரை நிகர லாபம் 2,250 ரூபாய். இது பொய்யில்லை, வங்கிக் கணக்கில் உண்மையாகவே இருக்கிறது. அடுத்த டாஸ்க் 20,000. இம்முறை லாபம் வங்கிக்கு வராது, அவர்களுடைய வலைப்பக்கத்தில் மட்டும் 28,000 என்று தெரியும். எடுக்கப்போனால், 'நீங்கள் ஒரு பட்டனைத் தவறாக அழுத்திவிட்டீர்கள், 40,000 கட்டிச் சரிசெய்யுங்கள்' என்பார்கள். கட்டினால், 'வரி 25,000'. ஆக மொத்தம் போனது 85,000. அவர்களுக்கு ஆன செலவு அந்த 2,250. அதுதான் தூண்டில் புழு.

20,000 வரை ஆசை இழுக்கிறது. அதற்கு மேல் இழுப்பது ஆசையில்லை, போட்டதை எப்படியாவது எடுத்துவிட வேண்டுமே என்ற பதைப்பு. 'எவ்வளவு படித்தவர், எப்படி ஏமாந்தார்?' என்று கேட்பவர்கள் இந்த இரண்டாம் கட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

2023 ஜூலையில் ஹைதராபாத் காவல்துறை வெளிக்கொண்டுவந்த வழக்கு இதற்கு நேர் சாட்சி. மதிப்பெண் போடும் பகுதிநேர வேலை என்று டெலிகிராமில் சேர்ந்த ஒருவர் முதலில் 1,000 ரூபாய் கட்டினார், 866 ரூபாய் லாபம் பார்த்தார். கடைசியில் இழந்தது 28 லட்சம். அவருடைய புகாரின் நூலைப் பிடித்துப்போன காவல்துறை, சுமார் 15,000 பேரிடமிருந்து 712 கோடி ரூபாய் உருவப்பட்டிருப்பதாகச் சொன்னது.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பெங்களூர் மத்தியக் குற்றப்பிரிவு ஆறு பேரைக் கைது செய்தது. வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகப் பிடித்து, ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை போட்டால் தினமும் ஆயிரக்கணக்கில் லாபம் என்று முதலீட்டு ஆசை காட்டிய கும்பல் அது. 84 வங்கிக் கணக்குகள் வழியாக ஓடிய தொகை 854 கோடி. காவல்துறையால் முடக்க முடிந்தது சுமார் 5 கோடி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நூறு ரூபாய் போனால், அறுபது பைசா அளவுக்குத்தான் அங்கே தடுத்து நிறுத்த முடிந்திருக்கிறது. மீதி கணக்கு விட்டுக் கணக்கு தாவி, கிரிப்டோவாகவும் விளையாட்டு செயலிகளில் போட்ட பணமாகவும் கரைந்துவிட்டது.

பெங்களூர் ஒன்றும் தூங்கிக்கொண்டிருந்த ஊர் இல்லை. நாட்டின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. பிறகு சைபர், பொருளாதாரம், போதைப்பொருள் மூன்றுக்குமாக சி.இ.என். காவல் நிலையங்கள் நகரின் கோட்டம்தோறும் வந்தன. ஆனால் வேலை தேடி வருபவர்களின் ஊரும் இதுதான். சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து பி.டி.எம். லேஅவுட்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பி.ஜி. வாடகை கட்டும் பிள்ளைகள், தங்கள் பயோடேட்டாவை இருபது வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றியிருக்கிறார்கள். பெயர், படிப்பு, கைபேசி எண், 'உடனே சேரத் தயார்' என்ற வரி எல்லாம் அதில் இருக்கிறது. கடிதம் எழுதுபவருக்கு வேறென்ன வேண்டும்?

2023 டிசம்பர் 6 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், இப்படிப்பட்ட டாஸ்க் வேலை, முதலீட்டு மோசடிகளில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியதாக அறிவித்தது. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்ற விளம்பரத்தில் தொடங்கி, சிறு கமிஷனில் நம்பிக்கை பெற்று, பெரிய தொகை வந்ததும் முடக்கிவிடுவது என்று அந்த அறிவிப்பு வர்ணித்த வரிசையும் இதேதான்.

உங்கள் கணக்கே கடையாகும்போது

காசு போவதைவிட மோசமான ஒரு வகை இருக்கிறது. அதில் உங்களிடம் ஒரு பைசாவும் கேட்க மாட்டார்கள். மாறாக, உங்களுக்குப் பணம் அனுப்புவார்கள்.

'இம்முறை மதிப்பிட வேண்டியது வங்கிச் சேவை. உங்கள் கணக்குக்கு 40,000 ரூபாய் வரும். அதில் இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு, மீதியை நாங்கள் சொல்லும் மூன்று கணக்குகளுக்கு அனுப்பி, ஒவ்வொன்றும் எத்தனை நொடியில் போகிறது என்று எழுதுங்கள்.' கேட்க நியாயமான மிஸ்டரி ஷாப்பிங் வேலைபோலவே இருக்கிறது. ஆனால் அந்த 40,000 யாருடையது? கோவையிலோ கொச்சியிலோ இன்னொருவர் 'டாஸ்க்'குக்குக் கட்டிய பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும் காவல்துறை முதலில் வந்து நிற்கும் வாசல் உங்களுடையது. கணக்கு முடங்கும். சம்பளம் வருவதும் வீட்டு வாடகை போவதும் அதே கணக்கில் என்றால் அன்றாடமே நின்றுவிடும். விளக்கம் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இப்படி வாடகைக்குப் போகும் கணக்குகளை 'மியூல்' கணக்கு என்கிறார்கள், பொதி சுமக்கும் கோவேறு கழுதை என்ற பொருளில். இவற்றைக் கண்டுபிடிக்க மியூல்ஹண்டர் என்றொரு மென்பொருளையே உருவாக்கி, 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. உருவாக்கிய ரிசர்வ் வங்கிப் புத்தாக்க மையம் இருப்பது இதே பெங்களூரில். ஆகவே பணம் வருகிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், ஏன் வருகிறது என்று கேட்க வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் ஆதார், பான், வங்கி ஸ்டேட்மென்ட், செல்ஃபி எல்லாவற்றையும் வேலை உறுதியாகும் முன்பே கேட்கும் படிவத்தையும் தள்ளிவைக்க வேண்டும். அவை நான்கும் கையில் இருந்தால் உங்கள் பெயரில் ஒரு கணக்கோ கடனோ திறக்க முயல முடியும்.

கடிதத்தின் மறுமுனையில் இருப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப்போன இந்திய இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி வேலையில் கட்டாயமாக அமர்த்தப்படுவதாக எச்சரித்தது. அடுத்த மாதம் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்திறங்கினார்கள். உங்களுக்கு 'ஹாய் டியர், பார்ட் டைம் ஜாப்?' என்று செய்தி அனுப்பும் விரல்களில் சில, இதேபோல ஒரு வேலைக் கடிதத்தை நம்பிப்போனவர்களுடைய விரல்களாக இருக்கலாம்.

ஒற்றனை ஒற்றனால் சோதித்தல்

சரி, கடிதத்தை எப்படிச் சோதிப்பது? ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வழி சொல்கிறார்: ஓர் ஒற்றன் கொண்டுவந்த சேதியை, அவனுக்குச் சம்பந்தமில்லாத இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக்கொள். மின்னஞ்சலுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து 'நீங்கள் நிஜமா?' என்று கேட்டால், 'நிஜம்தான்' என்றுதான் பதில் வரும். கடிதத்தில் உள்ள இணைப்பைத் தட்டினால் அவர்கள் கட்டிய வீட்டுக்குத்தான் போவீர்கள். நிறுவனத்தின் பெயரை நீங்களே தேடி, அதன் சொந்தத் தளத்தைக் கண்டுபிடித்து, அங்குள்ள முகவரிக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

அதற்கு முன், அனுப்பியவர் முகவரியைப் பார்க்கலாம். கைபேசியில் பெரிதாகத் தெரிவது பெயர் மட்டும். தபால் உறையின் மேல் 'அனுப்புநர்' என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதைப்போல. பெயரைத் தட்டினால் உண்மையான முகவரி விரியும். அதில் 'அட்' குறிக்குப் பிறகு வருவதுதான் முக்கியம். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். நிறுவனத்தின் பெயரோடு ஒரு கோடு போட்டு 'கேரியர்ஸ்', 'எச்.ஆர்.', 'இந்தியா' என்று ஒட்டவைத்த முகவரிகள் இன்னும் ஏமாற்றும். அவை நிறுவனத்தின் வீடு அல்ல, அதே தெருவில் யாரோ மாட்டிவைத்த போர்டு. பதில் எழுதத் தொடங்கும்போது 'பெறுநர்' இடத்தில் வேறொரு முகவரி வந்து உட்கார்ந்தால் அதுவும் கெட்ட சகுனம்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போனால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று வரி இருக்கும். அவை தேறாவிட்டால் சந்தேகப்படலாம். தேறிவிட்டால் நம்பலாமா? கூடாது. அந்த முகவரியிலிருந்துதான் கடிதம் வந்தது என்பதற்கு மட்டுமே அவை சாட்சி. அந்த முகவரிக்காரர் யோக்கியர் என்பதற்கு அல்ல. எழுத்துப்பிழையைப் பார்த்து அடையாளம் காணும் காலமும் மலையேறிவிட்டது. பிழையில்லாத ஆங்கிலத்தை இன்று எந்த இயந்திரமும் எழுதிக் கொடுத்துவிடும்.

மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களுக்கு எம்.எஸ்.பி.ஏ. என்ற உலகளாவிய சங்கம் இருக்கிறது. அதன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பெயர் இருந்தாலும், அந்தப் பெயரை வேறு யாராவது திருடிப் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் நிறுவனத்திடம் நேரே கேட்டுக்கொள்வதே முடிவான சோதனை. பொதுவாக இந்தத் தொழிலில் ஷாப்பர்தான் நிறுவனத்தைத் தேடிப்போய்ப் பதிவு செய்கிறார். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. தெரியாத ஒருவருக்கு 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று கடிதம் வராது. கூலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: நிஜத்தில் சில நூறு கிடைக்கும் வேலைக்கு இவர்கள் ஏன் 2,500 தர வேண்டும்?

கைபேசியில் இன்னும் இரண்டு விஷயம். யு.பி.ஐ. பின் பணம் அனுப்பத்தான் தேவை, பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. 'சம்பளம் வர பின் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். நிறுவனத்துக்குக் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, அங்கே சம்பந்தமேயில்லாத ஒரு தனிநபரின் பெயரோ ஏதோ மளிகைக்கடையின் பெயரோ தெரிந்தால், அது மியூல் கணக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில், சந்தேகத்துக்குரிய கைபேசி எண், கணக்கு எண், இணைய முகவரியைத் தேடிப் பார்க்கும் வசதியும் உண்டு.

போய்விட்டதென்றால்

பணம் போய்விட்டால், முதல் வேலை சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்வது. வங்கிக் கிளை திறக்கட்டும் என்றோ, டெலிகிராம் குழுவை நடத்தும் 'மேடம்' பதில் சொல்லட்டும் என்றோ காத்திருக்கக் கூடாது. நீங்கள் சொல்லும் விவரம் உங்கள் வங்கிக்கும், பணம் போன வங்கிக்கும், அங்கிருந்து தாவிய அடுத்த வங்கிக்கும் போகிறது. பணம் எந்தக் கணக்கில் இன்னும் கிடக்கிறதோ அங்கே அது நிறுத்தப்படும். நின்ற பணத்தை நீதிமன்ற உத்தரவு மூலம் திரும்பப் பெற வழியுண்டு. பெங்களூர் வழக்கின் 854ம் 5ம் நினைவிருக்கிறதல்லவா? முதல் சில மணி நேரத்தின் மதிப்பு அதுதான். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரை முழுதாகப் பதியலாம், உங்கள் பகுதியின் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

கோபத்தில் குழுவைவிட்டு வெளியேறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஏனென்றால் மறுமுனையில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடுவார். மின்னஞ்சலையும் அப்படியே வைத்திருங்கள். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதை நிரூபிக்க இவைதாம் சான்று. நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி பொறுப்பேற்பது அரிது என்பதால், வேகம் ஒன்றுதான் உங்கள் பக்கம் இருக்கும் பலம். சில வாரம் கழித்து 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு' என்று ஒருவர் அழைத்தால், அது அதே கடையின் இரண்டாவது கிளை.

புகாரைத் தள்ளிப்போடவைப்பது பெரும்பாலும் வெட்கம். அப்பாவுக்குத் தெரிந்தால் ஊருக்கு வரச் சொல்லிவிடுவார் என்ற பயம். 'யாரிடமும் சொல்லாதே' என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்த வரி, பணம் போன பிறகும் வேலை செய்துகொண்டேயிருக்கிறது. நிஜ ஷாப்பர் கடைக்காரரிடம் மட்டும்தான் ரகசியம் காக்க வேண்டும். வீட்டில் சொல்லாதே என்று எந்த நேர்மையான முதலாளியும் கேட்பதில்லை.

இவ்வளவையும் அக்கா மகளுக்குப் போனில் சொன்னேன். முடிவை மட்டும் நான் சொல்லவில்லை. "நீதானே மிஸ்டரி ஷாப்பர். இந்த மெயிலையே ஒரு கடையா நெனச்சுப் போய்ப் பாத்துட்டு ரிப்போர்ட் எழுது" என்றேன்.

திங்கட்கிழமை இரவு ரிப்போர்ட் வந்தது. கடை திறந்த நேரம்: சனி இரவு 11.40. வரவேற்றவர்: பெயர் உண்டு, பெயர்ப்பட்டை இல்லை. கடையின் வாசல்: ஜிமெயில். தலைமை அலுவலகத்தில் விசாரித்தது: அவர்களுடைய தளத்தில் இருந்த முகவரிக்கு எழுதிக் கேட்டேன், 'நாங்கள் இப்படி யாருக்கும் கடிதம் அனுப்புவதில்லை' என்றார்கள். இணைப்பின் இரண்டாம் பக்கம், அடியில், சின்ன எழுத்தில்: பதிவுத்தொகை 1,499 ரூபாய், மூன்று நாளில் திருப்பித் தரப்படும். பில் தருவார்களா: அப்படி ஒரு சொல்லே எங்கும் இல்லை. மொத்த மதிப்பெண்: பூஜ்யம்.

அதற்குக் கீழே ஒரு வரி. "இந்த ரிப்போர்ட்டுக்கு எனக்கு ஃபீஸ் எவ்ளோ மாமா?"